உப்பில்லாத ஊரின் கருவாடு

கருவாடு போட நினைப்பவர் முதலில் தேடுவது உப்பை. மீனைக் கீறிக் குடலை எடுத்து, உப்பை அள்ளித் திணித்து, தொட்டியில் ஊறவிட்டு, அப்புறம்தான் வெயிலுக்குக் கொண்டுபோவார்கள். நெத்திலி, காரல் போன்ற பொடி மீன்களுக்கு அதுவும் வேண்டாம். மணலில் விரித்துவிட்டால் வெயில் பார்த்துக்கொள்ளும். தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கத்துக் கடைகளில் இந்த இரண்டு வழியிலும் சேராத ஒரு சரக்கு உண்டு. கறுத்து வறண்டு, இரு முனையும் கூம்பிய கட்டை. கத்தி இறங்காது. இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டினால் விறகோடு விறகு மோதிய ஓசை வரும். அதுதான் மாசி.

மாசிக் கருவாடு என்று சேர்த்துச் சொன்னாலும் உப்புத் தொட்டியை இது கண்டதே கிடையாது. அவித்து, புகை போட்டு, அதற்குப் பிறகு காயவைத்த மீன். இப்படிச் சுற்றி வளைத்து ஒரு மீனைப் பக்குவப்படுத்த வேண்டிய கட்டாயம் யாருக்கு வந்தது என்று தெரிய, அது பிறந்த ஊரின் தரையைப் பார்க்க வேண்டும்.

மாசியின் தாய்வீடு மாலத்தீவு. கூடவே மினிகாயையும் சொல்ல வேண்டும். கன்னியாகுமரியிலிருந்து நேர் மேற்கே கடலில் போனால் வரும் தீவு மினிகாய். நிர்வாகத்தில் அது நம் லட்சத்தீவைச் சேர்ந்தது. பேச்சும் சமையலும் மீன்பிடிப்பும் எட்டு டிகிரி கால்வாய்க்குத் தெற்கே இருக்கும் மாலத்தீவுக்காரர்களுடையவை. மாலத்தீவு ஏறத்தாழ 1,200 தீவுகளின் கூட்டம். அவற்றில் ஆள் குடியிருப்பவை 200-க்குப் பக்கம். எல்லாமே பவளப்பாறை நொறுங்கிச் சேர்ந்த மணல் திட்டுகள். நெல் விளையாது. தென்னை உண்டு, கடல் உண்டு, கடலில் சூரை உண்டு. அரிசியும் துணியும் பாக்கும் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். வருகிற அரிசிக்கு மாற்றாக எதைக் கொடுப்பது? சோழி கொடுத்தார்கள், கயிறு கொடுத்தார்கள். அவற்றோடு சூரையையும் கொடுக்க முடிந்தால் நல்லது. ஆனால் சூரை, கையில் வைத்துக்கொண்டு யோசிக்க நேரம் தருகிற மீன் அல்ல.

நம்மூரில் வரிச்சூரை என்கிறோமே, வயிற்றுப் பக்கம் கோடுகள் ஓடும் அந்தச் சூரை ஓயாமல் நீந்தும் சாதி. நீந்துவதை நிறுத்தினால் செவுளுக்குள் தண்ணீர் போகாது, மூச்சு நின்றுவிடும். அந்த ஓட்டத்துக்கு ஏற்றபடி இரத்தம் நிறைந்த சிவந்த சதை. உடம்பின் உட்சூடு சுற்றியுள்ள தண்ணீரின் சூட்டைவிட அதிகம். தூண்டிலில் துள்ளித் துள்ளிச் சாகும்போது இன்னும் சூடேறும். வெயிலில் சில மணி நேரம் கிடந்தாலே சதையிலுள்ள ஹிஸ்டிடின் என்ற சத்தைக் கிருமிகள் ஹிஸ்டமினாக மாற்றத் தொடங்கிவிடும். ஒரு தடவை ஹிஸ்டமின் சேர்ந்துவிட்டால் பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. தின்றவருக்கு முகம் சிவந்து தடிப்பு கிளம்பும். ஆகவே சூரையைப் பிடித்த அன்றைக்கே முடிவு கட்டியாக வேண்டும்.

உப்புப் போடலாமே என்று தோன்றும். மாலத்தீவில் உப்பளம் கிடையாது. சுற்றிலும் கடல் இருந்தால் உப்பு விளைந்துவிடும் என்பதில்லை. தூத்துக்குடியில் உப்பு விளைகிறதென்றால், பாத்தியில் விட்ட தண்ணீரைத் தாங்கி நிறுத்தும் இறுகிய தரையும், மாதக்கணக்கில் மழையற்ற வெயிலும் அங்கே இருப்பதால்தான். பவள மணலில் ஊற்றிய தண்ணீர் அடுத்த நொடியே அடியில் போய்விடும். மழையும் ஈரக்காற்றும் வேறு. சரி, காய்ச்சி எடுக்கலாம் என்றால் கணக்கு உதைக்கிறது. மூன்று கிலோ எடையில் நூறு மீன் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்றாலே 75 கிலோ வேண்டும். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவுதான் உப்பு. இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீரை அடுப்பில் வற்றவைக்க வேண்டும், அதுவும் ஒரே நாள் மீனுக்கு. அந்த விறகுக்குத் தீவின் தென்னை மரங்களையெல்லாம் வெட்டினாலும் காணாது.

இந்த இக்கட்டுக்குத் தீவுக்காரர்கள் கண்ட விடையில்தான் மாசி பிறந்தது. கடல்நீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுத்து மீனுக்குப் போடும் பாட்டை விட்டுவிட்டு, மீனைக் கடல்நீருக்குள் இறக்கி அடுப்பேற்றினார்கள். உப்பு தானாகச் சதைக்குள் போனது. சூடு கிருமியைக் கொன்றது, சதையிலிருந்த தண்ணீரில் ஒரு பங்கையும் வெளியே தள்ளியது. மிச்ச ஈரத்தைப் புகையும் வெயிலும் எடுத்துக்கொண்டன. செலவு ஒரு பானைக் கடல்நீரும் கொஞ்சம் தேங்காய் மட்டையும். யார் முதலில் இப்படிச் செய்தார் என்பதற்குப் பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. ஒரே நாளில் ஒருவர் மூளையில் உதித்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை. அடுப்பில் வெந்த மீன் மறுநாளும் கெடாமல் இருந்ததைப் பார்த்தவர்களும், அடுப்புக்கு மேல் பரணில் மறந்துபோன துண்டு இன்னும் பல நாள் தாங்கியதைக் கண்டவர்களும் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துக் கட்டிய அறிவாகத்தான் இருக்கும்.

அடுப்புக்கு வருமுன் மீன் கைக்கு வர வேண்டுமே. அந்தக் கதை இன்னும் ருசியானது.

மாலத்தீவிலும் மினிகாயிலும் சூரைக்கு வலை கிடையாது. கம்பும் கயிறும் தூண்டில் முள்ளும் மட்டும். ஆனால் சூரையைத் தேடிப் போவதற்கு முன்னால் உயிரோடு பொடி மீன் பிடித்தாக வேண்டும். விடியற்காலையில் பவளப்பாறை ஓரமாகத் தோணியை நிறுத்தி, நான்கு மூலையிலும் கம்பு கட்டிய வலையைத் தண்ணீருக்குள் தாழ்த்தி, அரைத்த மீனைத் தூவிப் பொடி மீன்களை அழைப்பார்கள். அவை கூடியதும் வலை மேலே வரும். பிடித்ததைக் கூடையில் போட்டால் செத்துவிடும், செத்த பொடி மீனைச் சூரை மதிக்காது. அதனால் தோணியையே தொட்டியாக்கினார்கள். நடுப்பகுதியைப் பலகை வைத்துத் தடுத்து, அடிப்பலகையில் துளைகள் போட்டிருப்பார்கள். துளையடைப்பை எடுத்தால் கடல் உள்ளே வரும். அங்கேதான் பொடி மீன் நீந்திக்கொண்டிருக்கும். வருகிற தண்ணீரை இறைத்துக் கொட்டுவதற்கென்றே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருபக்கம் ஓட்டை போட்டு மறுபக்கம் இறைத்துக்கொண்டு, அதே நேரம் பாய் விரித்து ஓடிய தோணியை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை. நம் தச்சர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள், பிறகு துளைகளை எங்கே போட்டான் என்று கேட்பார்கள்.

கடற்பறவைகள் கூட்டமாகத் தாழ்ந்து கொத்தும் இடத்தைப் பார்த்துத் தோணியைத் திருப்புவார்கள். சூரைக் கூட்டத்துக்குள் நுழைந்ததும் ஒருவர் உயிருள்ள பொடி மீனை அள்ளி வீசுவார். கூடவே அகப்பை போன்ற ஒன்றால் தண்ணீரை மேற்பரப்பில் சிதறடிப்பார்கள். பொடி மீன் கூட்டம் துள்ளுகிறது என்று சூரை நம்பிவிடும். அதற்கப்புறம் அது எதைக் கடிக்கிறோம் என்று பார்ப்பதில்லை. தூண்டில் முள்ளில் இரை கிடையாது. துலக்கிய உலோகத்தின் பளபளப்புதான் இரை. முள்ளின் நுனியில் பின்னோக்கி வளைந்த கொண்டையும் கிடையாது. கடித்த மீனைக் கம்போடு தலைக்கு மேல் பின்னால் வீசினால், கயிறு தளர்ந்த கணத்தில் மீன் தானாக முள்ளிலிருந்து கழன்று தோணிக்குள் விழும். கையால் கழற்றும் வேலையே இல்லாததால் முள் உடனே தண்ணீருக்குத் திரும்பிவிடும். நல்ல கூட்டம் மாட்டினால் தோணியின் பின்பக்கத்தில் வரிசையாக நிற்பவர்கள் ஒவ்வொருவரும் சில நொடிக்கு ஒரு மீன் என்ற கணக்கில் வாரிப் போடுவார்கள்.

இந்தக் காட்சி கண்ணைப் பறிப்பது உண்மைதான். மாலத்தீவைப் பற்றிப் படம் எடுப்பவர்கள் கேமராவைத் தோணியிலேயே வைத்துவிடுகிறார்கள். ஆனால் பிடிபட்ட மீன் வெறும் மீன்; அதை மாசியாக்கியது கரையில் நடந்த வேலை. அந்த வேலை பெரும்பாலும் பெண்களுடையது. பிற்பகலில் தோணி திரும்பியதும் தலையைத் தறித்து, குடலையும் வயிற்றுச் சதையையும் நீக்கி, நடுமுள்ளை எடுத்து மீனை நான்கு நீளத் துண்டுகளாக்குவார்கள்: முதுகுப் பக்கம் இரண்டு, வயிற்றுப் பக்கம் இரண்டு. மாசிக் கட்டையின் இரு முனையும் கூம்பியிருப்பது இந்த வெட்டினால்தான். துண்டுகள் கடல்நீரில் வேகும். வெந்ததும் பரணில் அடுக்கி, கீழே தேங்காய் மட்டையைப் புகையவிடுவார்கள். மட்டை கொழுந்துவிட்டு எரியக் கூடாது, கனன்றுகொண்டே இருக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் எடுத்தால் உள்ளே இன்னும் மென்மை இருக்கும். தீவில் வீட்டுச் செலவுக்கு அதையே உதிர்த்துக்கொள்வார்கள். வெளியூர்ச் சரக்கு என்றால் பல நாள் வெயில், நடுநடுவே மறுபடியும் புகை. ஐந்து கிலோ பச்சை மீன் சுண்டி ஒரு கிலோ மாசியாகும்.

வேகவைத்த தண்ணீரையும் கொட்டிவிடுவதில்லை. நாள்தோறும் அதே சாற்றில் வேகவைத்து, வற்ற வற்றக் காய்ச்சினால் பழுப்பு நிறத்தில் கெட்டிக் குழம்பாக நிற்கும். ரிஹாகுரு என்பார்கள். சோற்றோடு அதைத் தொட்டுக்கொள்ளும் ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் வாசனை சட்டையில் ஏறும். எனக்குப் பிடிக்கும், எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

மாசி எழுத்தில் ஏறியது 14-ஆம் நூற்றாண்டில். மொராக்கோவிலிருந்து கிளம்பி உலகம் சுற்றிய இப்னு பதூதா 1343-இல் மாலத்தீவுக்கு வந்தார், அங்கே காஜியாகவும் இருந்தார். தீவு மக்களின் சாப்பாட்டை எழுதும்போது, சிவந்த சதையுள்ள, கொழுப்பில்லாத, ஆட்டிறைச்சி போல மணக்கும் ஒரு மீனைச் சொல்கிறார். அதை நான்காக வெட்டி, அரைகுறையாக வேகவைத்து, ஓலைக் கூடையில் வைத்துப் புகையில் தொங்கவிடுவார்கள் என்கிறார். இந்தியா, சீனா, ஏமன் வரை அது போனதாகவும் குறிக்கிறார். அதாவது அப்போதே அது ஏற்றுமதிச் சரக்கு. 1344-இல் மாலத்தீவை விட்டுக் கிளம்பியவர் இலங்கையில் புத்தளத்தில் இறங்கி யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார், அங்கிருந்து மதுரை சுல்தானிடம் போனார். மதுரை சுல்தானின் மனைவியும் இவர் மனைவியும் உடன்பிறந்தவர்கள். அந்தக் காலத்து மாலத்தீவு, நாம் நினைப்பதைவிட நமக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பதற்கு இந்த ஒரு பயணமே போதும்.

அடுத்த நூற்றாண்டில் சீனத் தளபதி ஜெங் ஹேயின் கப்பல்களோடு வந்த மா ஹுவானும், மாலத்தீவில் பிற நாட்டார் வாங்கிப்போகும் உலர்மீனைப் பற்றி எழுதினார். 1602-இல் கப்பல் உடைந்து தீவில் ஒதுங்கிய பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பிரார் ஐந்து ஆண்டு அங்கேயே கிடக்க நேர்ந்தது. கடல்நீரில் வேகவைப்பதையும், தட்டிகளின் மேல் பரப்பி நெருப்பில் உலர்த்துவதையும், வெகுகாலம் கெடாமல் இருப்பதையும் அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். இடையே இரண்டரை நூற்றாண்டு ஓடியும் செய்முறையில் பெரிய மாற்றம் தெரியவில்லை.

செய்தவர்கள் தீவுக்காரர்கள் என்றாலும், மாசிக்குப் பெரிய சந்தையாக வாய்த்தது இலங்கை. தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்து மாலத்தீவின் பாய்க்கப்பல்கள் மாசியும் கயிறும் ஏற்றிக் கிழக்கே வந்தன. வடகிழக்குக் காற்று திரும்பியதும் அரிசியும் துணியும் பாக்குமாக ஊர் திரும்பின. கொழும்பு மாசியின் பெரிய சந்தையானது. சிங்களச் சமையலில் அது மீனாக நிற்காமல் மசாலாச் சாமானாக மாறிப்போனது. காய்கறிக் கறியில் ஒரு சிட்டிகை, பருப்பில் ஒரு சிட்டிகை. சீனிச் சம்பல், கட்டச் சம்பல் இரண்டும் மாசி இல்லாவிட்டால் வெறும் வெங்காயமும் மிளகாயும்தான். நம் கரையிலும் காயல்பட்டினத்து வீடுகளில் மாசிச் சம்பல் சாதாரணம். உரலில்தான் இடிக்க வேண்டும். மிக்சியில் போட்டால் பிளேடு மழுங்கும், தூளும் மாவாகிவிடும்.

ஒரு சிட்டிகைக்கு அந்த வலு எங்கிருந்து வந்தது என்பதை ஜப்பான்காரர்கள் கண்டுபிடித்தார்கள். அவர்களும் இதே சூரையை வேகவைத்து, புகைபோட்டு, காயவைத்து கட்சுவோபுஷி என்ற கட்டையாக்குகிறார்கள். அதைச் சீவி ரசம் போன்ற சாறு எடுக்கிறார்கள். புகைபோடும் முறையை அங்கே கீஷூப் பகுதி மீனவர்கள் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொண்டுவந்ததாகச் சொல்வது வழக்கம். இப்னு பதூதா எழுதி அதற்குள் முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றார்களா என்று தேடிக்கொண்டிருப்பதில் எனக்கு ஆர்வமில்லை. ஒரே மீன், ஒரே நெருக்கடி. 1913-இல் கொடாமா ஷின்தாரோ என்ற வேதியியலாளர் அந்தக் கட்டையிலிருந்து இனோசினேட் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, ருசிக்குக் காரணம் அதுதான் என்றார். தக்காளி போன்றவற்றில் இயல்பாக இருக்கும் குளூட்டமேட்டோடு சேரும்போது இதன் ருசி பல மடங்கு ஏறும். இந்தக் கணக்கையெல்லாம் படிக்காமலே சம்பல் இடித்தவர்கள் அதைக் கைப்பழக்கத்தில் வைத்திருந்தார்கள்.

ஒரே வாடிக்கையாளரை நம்பிய சரக்குக்கு வருகிற ஆபத்து மாசிக்கும் வந்தது. 1970-களின் தொடக்கத்தில் இலங்கை அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டில் சிக்கி இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. மாலத்தீவின் வருமானத்தில் பெரும்பகுதி அந்த ஒரு சந்தையில் இருந்ததால் தீவே ஆட்டம் கண்டது. 1972-இல் ஜப்பானிய நிறுவனங்களின் குளிரூட்டிய கப்பல்கள் வந்து நின்று பச்சை மீனைக் கடலிலேயே வாங்கத் தொடங்கின. 1974-இலிருந்து தோணிகளில் எஞ்சின் ஏறியது. எழுபதுகள் முடிவதற்குள் ஃபெலிவாரு தீவில் டின் மீன் ஆலையும் வந்துவிட்டது. ஆண்களுக்கு மீன் விற்றுக் கையில் காசு கிடைத்தது. அந்த மீன் வீட்டு அடுப்புக்கு வராமல் போனதால் பெண்களின் சம்பாத்தியம் குறைந்தது. வளர்ச்சிக் கணக்கு எழுதுகிறவர்கள் இந்த இரண்டாவது வரியைச் சின்ன எழுத்தில் போடுவார்கள்.

மினிகாயிலும் 1969-இல் ஒரு டின் ஆலை அமைந்தது. ஆனால் லட்சத்தீவில் மாசி குறையவில்லை, பரவியது. முன்பு கம்புத் தூண்டில் வித்தை மினிகாய்க்காரர்களோடு நின்றிருந்தது. அறுபதுகளில் மீன்வளத்துறை எஞ்சின் தோணிகளைக் கொண்டுவந்து, மினிகாய் மீனவர்களை வைத்தே மற்றத் தீவுகளுக்கும் சொல்லிக்கொடுத்தது. அகத்தி போன்ற தீவுகள் அப்படித்தான் சூரைத் தீவுகளாயின. மே மாத வாக்கில் பருவமழைக்குத் தோணிகளைக் கரையேற்றிவிடுவார்கள். அதற்குள் காய்ந்து முடிந்த மாசி மூட்டையாகி மங்களூர், கோழிக்கோடு, தூத்துக்குடி வியாபாரிகளிடம் வரும். தூத்துக்குடிக்கு வந்ததில் ஒரு பங்கு மறுபடியும் கடலேறிக் கொழும்புக்குப் போகும்.

ஒவ்வொரு மீனாகத் தூண்டிலில் எடுக்கிறார்கள், ஆமையும் டால்பினும் சிக்குவதில்லை என்பதால் மாலத்தீவுச் சூரைக்கு 2012-இல் கடல்வளப் பொறுப்பாண்மைக்கான எம்எஸ்சி சான்று கிடைத்தது. ஐரோப்பியக் கடைகளில் அந்த முத்திரை ஒட்டிய டின்னுக்கு மதிப்பு அதிகம். மாசிக்கு அப்படி முத்திரை எதுவும் இல்லை. இலங்கையின் தென்கரையில் இப்போது அங்குள்ளவர்களே மாசி போட்டு விற்கிறார்கள், வேறு சூரை வகைகளையும் அதே பெயரில் கலந்துவிடுகிறார்கள். வாங்குகிறவர்கள் ஒரு துண்டை உடைத்துக் காட்டச் சொல்லலாம். நல்ல மாசி உள்ளே கருஞ்சிவப்பாக, லேசான மினுமினுப்போடு இருக்கும். வெளுத்து நார்நாராக வந்தால் புகை போதவில்லை, அல்லது மீன் வேறு. விரலால் அழுத்தி நசுங்கினால் வெயில் போதவில்லை. அதை வாங்க வேண்டாம், பத்து நாளில் பூஞ்சை பிடிக்கும்.